பிறந்த 28ஆம் நாள் கண் பரிசோதனை: இரண்டு வாரம் தள்ளிப் போடலாமா?

மன்னை செந்தில்
சனிக்கிழமை, இரவு 10.40

அனைவருக்கும் வணக்கம். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு 23 நாள். 32 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். பிறந்த எடை 1,640 கிராம். என் மனைவிக்கு ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியதால் அவசரமாக அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். குழந்தை இருபது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தாள். முதல் ஒன்பது நாள் ஆக்சிஜன். நடுவில் கிருமித் தொற்று வந்து ஒருமுறை ரத்தமும் ஏற்றினார்கள். இப்போது 1,810 கிராம். மூன்று நாட்களுக்கு முன் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் "ஆர்.ஓ.பி. பரிசோதனை" என்று எழுதி, வரும் வியாழக்கிழமைத் தேதியைப் போட்டிருக்கிறார்கள். அன்று அவளுக்கு 28 நாள். பரிசோதனை திருச்சியில். எங்கள் கிராமத்திலிருந்து பஸ் மாறிப் போனால் மூன்று மணி நேரம் ஆகும். மனைவிக்குத் தையல் வலி இன்னும் முழுதாகப் போகவில்லை. முப்பது நாள் தீட்டுக் கழிந்து புண்ணியதானம் செய்யாமல் குழந்தையை வாசற்படி தாண்டவிட மாட்டோம் என்று என் அம்மாவும் மாமியாரும் ஒரே பிடியாக நிற்கிறார்கள். அதற்குப் பிறகு மாமியார் ஊரில் ஒரு திருமணம். ஆகவே 45ஆம் நாள் வாக்கில் போகலாம் என்று வீட்டில் முடிவாகியிருக்கிறது.

குழந்தையின் கண்ணில் பீளை இல்லை, சிவப்பு இல்லை. பளிச்சென்று விழித்துப் பார்க்கிறாள். இரண்டு வாரம் தாமதமானால் ஏதாவது ஆகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ரமேஷ், திருவாரூர்
சனிக்கிழமை, இரவு 11.15

வாழ்த்துகள் செந்தில். என் மூத்தவனும் எட்டாம் மாதத்தில் பிறந்தவன்தான். கண் பரிசோதனை என்று எங்களிடம் யாரும் சொன்னதே இல்லை. இன்று பத்தாம் வகுப்புப் படிக்கிறான், கண்ணாடிகூடப் போடவில்லை. பஸ்ஸில் எத்தனை பேர் இருமிக்கொண்டும் தும்மிக்கொண்டும் வருவார்கள்! பச்சை உடம்பு. பெரியவர்கள் சொல்வதிலும் காரணம் இருக்கும். எடை இரண்டரை கிலோவைத் தொடட்டும், பிறகு போய்க்கொள்ளலாம்.

செவிலி மலர்
ஞாயிற்றுக்கிழமை, காலை 8.20

இரவுப் பணி முடித்து வந்து இப்போதுதான் பார்த்தேன். தம்பி செந்தில், தள்ளிப் போடாதீர்கள். ரமேஷ் அண்ணன் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் ஆர்.ஓ.பி. என்பது குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையைத் தாக்கும் நோய். எடை இரண்டரை கிலோவைத் தொடும்வரை அது காத்திருக்காது.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் பதினான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஆனால் எங்கள் பிரிவில் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் தேதியை எழுதும் கை பெரும்பாலும் என்னுடையது. ஏன் எழுதுகிறோம் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் மன்னார்குடிப் பக்கம் என்பதால் வாய்க்கால் கணக்கிலேயே சொல்கிறேன். நானும் விவசாயி வீட்டுப் பெண்தான்.

கருவில் ஏறக்குறைய 16ஆம் வாரத்தில் விழித்திரையில் ரத்தக் குழாய்கள் வளரத் தொடங்குகின்றன. கண்ணின் பின்சுவரில் பார்வை நரம்பு நுழையும் இடம்தான் தலைமடை. அங்கிருந்து குழாய்கள் நாலாபக்கமும் வாய்க்கால் வெட்டிக்கொண்டே ஓரத்தை நோக்கிப் போகும். மூக்குப் பக்கத்து ஓரத்தை 36ஆம் வாரத்தை ஒட்டித் தொட்டுவிடும். நெற்றிப்பொட்டுப் பக்கத்து ஓரம்தான் கடைமடை. அங்கே போய்ச் சேர 40 வாரம் ஆகும். உங்கள் மகள் 32ஆம் வாரத்தில் வெளியே வந்துவிட்டாள். வாய்க்கால் வேலை பாதியில் நிற்கிறது.

வெளியே வந்ததும் கருவில் கிடைத்ததைவிட ஆக்சிஜன் அதிகம். தாயின் உடம்பிலிருந்து வந்துகொண்டிருந்த வளர்ச்சிச் சத்துகளும் நின்றுவிடுகின்றன. அதனால் குழாய் வளர்ச்சி சில வாரங்களுக்குத் தேங்கிப் போகும். அதற்குள் விழித்திரை வளர்ந்து அதற்குப் பசி எடுக்கும். தண்ணீர் வராத கடைமடை கூக்குரல் போடத் தொடங்கும். அந்தக் கூக்குரல் ஒரு ரசாயனம், வி.இ.ஜி.எஃப். என்பார்கள். அளவோடு சுரந்தால் வாய்க்கால் ஒழுங்காக நீண்டு கடைசி வயல்வரை போய்விடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித் தானாகவே சரியாகிறது. அளவை மீறிவிட்டால், கரையை உடைத்துக்கொண்டு பாயும் வெள்ளம்போல, வலுவில்லாத புதுக் குழாய்கள் விழித்திரையை விட்டு மேலே எழும்பி வளரும். கசியும். தழும்பாகிச் சுருங்கும். சுருங்கும்போது விழித்திரையையும் பிய்த்து இழுத்துக்கொண்டு வரும்.

இவ்வளவும் கண்ணின் பின்சுவரில் நடக்கிறது. வெளியே பீளை வராது, சிவக்காது, நீர் வடியாது. கண் பளிச்சென்றுதான் இருக்கும். கண்மணி நடுவே வெள்ளையாகத் தெரிகிறது என்று யாராவது கண்டுபிடிக்கும் நேரத்தில் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

அதனால்தான் முதல் பரிசோதனை பிறந்து நான்கு வாரத்துக்குள், எப்படிப் பார்த்தாலும் 30 நாள் முடிவதற்குள் நடந்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன்பே பிறந்த, அல்லது 1,200 கிராமுக்கும் குறைந்த குழந்தைகள் என்றால் இரண்டு மூன்று வாரத்திலேயே பார்த்துவிட வேண்டும். இந்தியில் "தீஸ் தின் ரோஷ்னி கே" என்று கண் மருத்துவர்கள் ஒரு வாசகமே வைத்திருக்கிறார்கள். வெளிச்சத்துக்கான முப்பது நாட்கள் என்று பொருள். நோய் முற்றுவது பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 36 முதல் 38 வாரத்துக்குள். வியாழக்கிழமை உங்கள் மகளுக்கு 36 வாரம். நீங்கள் குறித்திருக்கும் 45ஆம் நாளில் 38 வாரத்தைத் தாண்டியிருப்பாள். எதைத் தள்ளிப் போடுகிறீர்கள் என்று இப்போது தெரிகிறதா?

ஒன்பது நாள் ஆக்சிஜன், தொற்று, ரத்தம் ஏற்றியது ஆகிய மூன்றுமே அபாயத்தைக் கூட்டுபவை.

யோகன், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.50

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இருபது வருடமாக லண்டனில் இருக்கிறேன். மலர் அக்காவோடு வாதாட வரவில்லை. அந்தத் தகப்பன் பயந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் இரண்டாவது பிள்ளை 33 வாரத்தில் 1,780 கிராம் எடையோடு பிறந்தவர். கண் பரிசோதனை வேண்டுமா என்று நானே வைத்தியரிடம் கேட்டேன். தேவையில்லை என்றார். இங்கே 31 வாரத்துக்கு முந்திப் பிறந்த பிள்ளைகள், அல்லது 1,501 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகள், இவர்களுக்குத்தான் இந்தப் பரிசோதனை. அமெரிக்காவிலும் 30 வாரம், 1,500 கிராம் என்பதுதான் பொதுவான எல்லை. செந்திலின் மகள் இரண்டு எல்லைக்கும் வெளியே நிற்கிறா. ஆகவே பெரிதாகக் கவலைப்பட என்ன இருக்கிறது?

செவிலி மலர்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 7.30

தம்பி யோகன், உங்கள் வைத்தியர் உங்களிடம் சொன்னது சரி. அதே பதிலை நான் செந்திலுக்குச் சொன்னால் தவறாகிவிடும். இந்த ஒரு புள்ளியில் எங்கள் நாட்டில் பல பெற்றோர் ஏமாந்திருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

இந்தியாவில் எல்லை 34 வாரம், 2,000 கிராம். அதற்குக் குறைந்த எல்லாக் குழந்தைகளையும் பார்த்தாக வேண்டும். 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்திருந்தாலும் ஆக்சிஜன், தொற்று, ரத்தம் ஏற்றுதல் என்று ஏதாவது பாடு பட்டிருந்தால் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் கடுமையான நோய் பெரும்பாலும் மிகச் சிறிய, 28 வாரத்துக்கும் முந்திய குழந்தைகளுக்கு வருகிறது. எங்கள் ஊரில் 32 வாரம், 33 வாரம், ஒன்றே முக்கால் கிலோ குழந்தைகளுக்கும் வருகிறது. குழந்தைகளின் உடம்பு வேறு என்பதால் அன்று. அவர்கள் கடந்து வரும் முதல் மூன்று வாரம் வேறு.

ஆக்சிஜனைக் காற்றோடு கலந்து அளந்து கொடுக்கும் கருவி எல்லா இடத்திலும் இல்லை. ஒரு செவிலிக்கு எத்தனை குழந்தைகள் என்ற கணக்கும் வேறு. தொற்று அதிகம். ஆக்சிஜன் வைத்திருக்கும் குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் செறிவு 90க்கும் 95க்கும் இடையில் நிற்க வேண்டும். திரையில் 100 என்று தெரிந்தால் வெளியே கண்ணாடி வழியாகப் பார்க்கும் பாட்டிமார்கள் மகிழ்ந்து கும்பிடுவார்கள். எங்களுக்கு அடிவயிறு கலங்கும். ஓடிப் போய் அளவைக் குறைப்போம்.

எங்களைப்போன்ற நாடுகளில் குறைமாதக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிய பிறகு அவர்களிடையே பார்வையிழப்பு பெருகியதை உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் கிளேர் கில்பர்ட் என்ற கண் மருத்துவர். அவர் உங்கள் லண்டன்காரர்தான்.

யோகன், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.05

அக்கா, இது எனக்குத் தெரியாது. என் பிள்ளைக்குச் சரியாக இருந்த அளவை இன்னொரு நாட்டுப் பிள்ளைக்கு வைத்துப் பார்த்தது பிழை. செந்தில், நான் எழுதியதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். வியாழக்கிழமை போய்விடுங்கள்.

நிலாவின் அம்மா
ஞாயிற்றுக்கிழமை, இரவு 11.50

இந்த இழையை மாலையிலிருந்து மூன்று முறை திறந்து மூடிவிட்டேன். எழுதாமல் தூங்க முடியாது போலிருக்கிறது.

என் மகள் நிலாவுக்கு இப்போது பதினொரு வயது. 29 வாரத்தில் ஜூன் மாதம் பிறந்தாள். 1,150 கிராம். 48 நாள் மருத்துவமனையில் இருந்தோம். அந்த 48 நாளும் எங்கள் வீட்டில் பேச்சு ஒன்றே ஒன்றுதான்: இன்று எத்தனை கிராம்? காலை எடை போட்டதும் என் கணவர் ஊருக்குப் போன் செய்வார். பத்து கிராம் ஏறினால் அன்று வீட்டில் எல்லோரும் சாப்பிடுவார்கள். இறங்கினால் உலை வைக்க மாட்டார்கள். எடை, பால், மஞ்சள் காமாலை, மூச்சு பற்றியெல்லாம் சொன்னார்கள். கண் என்ற சொல்லை அந்த 48 நாளில் யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சீட்டிலும் எழுதவில்லை. 1,900 கிராம் ஆனதும் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

கார்த்திகை தீபத்தன்று அவளுக்கு ஐந்து மாதம். வீடு முழுக்க அகல் வைத்திருந்தோம். மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரிசையாகக் காட்டினேன். அவள் விளக்கின் பக்கம் திரும்பவே இல்லை. உள்ளே ஒரு கிண்ணம் விழுந்த சத்தத்துக்குச் சட்டென்று திரும்பினாள். என் மாமியார்தான் அகலை அருகே கொண்டுவந்து பார்த்துவிட்டு, "கண்ணுக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறதே" என்றார்.

ஐந்தாம் நிலை என்றார்கள். இரண்டு கண்ணிலும் விழித்திரை முழுதாகப் பிரிந்திருந்தது. ஒரு கண்ணில் அறுவை சிகிச்சை செய்து பார்த்தோம். வெளிச்சம் இருக்கிறது, இல்லை என்பது மட்டும் அந்தக் கண்ணில் தெரிகிறது.

நிலா பிரெய்லில் படிக்கிறாள். வகுப்பில் கணக்கில் அவள்தான் முதல். அவளைப் பற்றி எனக்குக் குறையே இல்லை. ஆனால் செந்தில், உங்கள் கையில் இருக்கிறதே அந்தச் சீட்டு, அதன் கடைசி வரி, அந்த ஒரு வரி எங்களுக்கு எழுதப்படவில்லை. உங்களுக்கு எழுதியிருக்கிறார்கள். திருமணத்தைக் காரணமாகச் சொல்லி அதைத் தள்ளிப் போடாதீர்கள். உங்கள் அம்மாவிடம் நான் பேச வேண்டும் என்றால் எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். எந்த நேரமானாலும் பேசுகிறேன்.

ரமேஷ், திருவாரூர்
திங்கட்கிழமை, காலை 7.10

நேற்று முன்தினம் நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் மகனுக்கு ஒன்றும் ஆகாதது எங்கள் அதிர்ஷ்டம். அதை அறிவுரையாக எழுதியிருக்கக் கூடாது. செந்தில், பஸ் வேண்டாம். என் தம்பியிடம் கார் இருக்கிறது. வியாழக்கிழமை விடியற்காலை உங்கள் வீட்டு வாசலுக்கு வரச் சொல்கிறேன்.

மன்னை செந்தில் (எழுதுவது கவிதா)
திங்கட்கிழமை, பிற்பகல் 2.30

நான் செந்திலின் மனைவி. நிலாவின் அம்மா எழுதியதை இவர் படித்துக் காட்டினார். அக்கா, உங்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

மலர் அக்காவின் வாய்க்கால் கதையை என் மாமனாரிடம் சொன்னோம். அவர் நாற்பது வருடம் கடைமடையில் விவசாயம் பார்த்தவர். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. பிறகு அத்தையைக் கூப்பிட்டு, "ஜூன் 12இல் திறக்க வேண்டிய மேட்டூரை ஜூலைக் கடைசியில் திறந்தால் குறுவை ஏது? வியாழக்கிழமை போகட்டும். புண்ணியதானம் ஞாயிற்றுக்கிழமை நடக்கும்" என்று சொல்லிவிட்டார். அத்தையும் எங்களோடு வருகிறார்.

எனக்கு இரண்டு கேள்விகள். கண்ணை எப்படிப் பார்ப்பார்கள், குழந்தைக்கு வலிக்குமா? இன்னொன்று, எனக்கு ரத்த அழுத்தம் வந்ததால்தானே அவள் முன்கூட்டியே பிறந்தாள். இது என்னால் வந்ததா?

செவிலி மலர்
திங்கட்கிழமை, மாலை 4.15

தங்கையே, இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: இல்லை. ரத்த அழுத்தம் நீ வரவழைத்தது இல்லை. உன்னையும் அவளையும் காப்பாற்றத்தான் முன்கூட்டியே எடுத்தார்கள். அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டுத் திருச்சிக்குப் போ.

பரிசோதனை அவளுக்குச் சங்கடமாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன். கண்மணி விரிவதற்கு மருந்துச் சொட்டு போடுவார்கள். விரிய முக்கால் மணி, ஒரு மணி நேரம் ஆகும். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி எடுத்து மூச்சுக்குழலில் போய்விடலாம் என்பதால், பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே பால் கொடுத்து முடித்துவிடு. துணியில் கைகால் அசையாதபடி சுற்றுவார்கள். மரத்துப்போகும் சொட்டு போட்டு, இமை மூடாமலிருக்கச் சிறிய கம்பிக் கவ்வி வைப்பார்கள். மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, கையில் லென்ஸ் பிடித்துப் பார்ப்பார். அல்லது கண்மேல் கேமராவை வைத்துப் படம் எடுப்பார்கள். ஒரு கண்ணுக்குச் சில நிமிடங்கள்தான். அழுவாள். வாயில் இனிப்புக் கரைசலோ தாய்ப்பாலோ ஒரு சொட்டு வைத்தால் அழுகை அடங்கும். முடிந்த உடனே நெஞ்சோடு அணைத்துக்கொள். கங்காரு முறையில் வைத்துப் பழகியிருப்பாய் அல்லவா, அதேபோல். இமை சிறிது வீங்கி, கண் சிவந்து தெரியும். ஓரிரு நாளில் போய்விடும்.

ஒரே பரிசோதனையோடு முடிந்துவிட்டது என்று நினைக்காதே. குழாய்கள் ஓரம்வரை போய்ச் சேர்ந்துவிட்டன என்று மருத்துவர் சொல்லும்வரை வாரம் ஒருமுறையோ இரு வாரத்துக்கு ஒருமுறையோ கூப்பிடுவார்கள். முதல் முறை வந்துவிட்டு இரண்டாம் முறை வராமல் போனவர்களால் நாங்கள் இழந்த கண்கள் உண்டு. எந்த மண்டலம் (கண்ணின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி நோய் இருக்கிறது), எத்தனையாவது நிலை (எவ்வளவு முற்றியிருக்கிறது), "பிளஸ்" (ரத்தக் குழாய்கள் புடைத்து முறுக்கிக்கொள்வது) இருக்கிறதா என்ற மூன்றையும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்.

கோகுல், ஓசூர்
திங்கட்கிழமை, இரவு 9.00

குழந்தையை மூன்று மணி நேரம் தூக்கிக்கொண்டு போவதற்குப் பதில் கருவி குழந்தையிடம் வர முடியாதா? பக்கத்துக் கர்நாடகத்தில் 2008 முதல் பெங்களூரு நாராயண நேத்ராலயா இதைச் செய்கிறது. பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்கள் கேமராவோடு மாவட்ட மருத்துவமனைகளுக்குப் போய்க் குழந்தைகளின் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள்; நிபுணர் தம் இடத்திலிருந்தே பார்த்துச் சொல்கிறார்.

செவிலி மலர்
திங்கட்கிழமை, இரவு 9.40

தமிழ்நாட்டிலும் கண் மருத்துவமனைகள் சில பச்சிளம் பிரிவுகளுக்கு நேரில் வந்து பார்க்கின்றன. எல்லாப் பிரிவுக்கும் வர வேண்டும். அதுதான் என் ஆசையும். குழந்தை வார்மரில் இருக்கும்போதே பார்த்துவிட்டால் தீட்டு, திருமணம், பஸ் என்ற பேச்சே எழாது. இன்னொரு செய்தி: 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத்திட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது. மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் கேட்டால் இலவசச் சிகிச்சைக்கு வழி சொல்வார்கள். செலவுக்குப் பயந்து யாரும் நின்றுவிட வேண்டாம்.

மன்னை செந்தில்
வியாழக்கிழமை, இரவு 8.30

போய் வந்தோம். இரண்டு கண்ணிலும் இரண்டாம் மண்டலம், இரண்டாம் நிலை, பிளஸ் இல்லை. ரத்தக் குழாய் உள்ள பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் நடுவில் வரப்பு மாதிரி மேடு எழும்பியிருக்கிறதாம். சிகிச்சை இப்போது வேண்டாம். சரியாக அடுத்த வியாழக்கிழமை வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ரமேஷ் அண்ணனின் தம்பி எங்களிடம் பெட்ரோல் காசுகூட வாங்கவில்லை.

ஆனால் எனக்கு உள்ளே கொதிக்கிறது. ஒன்பது நாள் ஆக்சிஜன் கொடுத்தார்களே, அதனால்தானே இது? மருத்துவமனை மீது வழக்குப் போட வேண்டும் என்கிறான் என் அண்ணன்.

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்
வெள்ளிக்கிழமை, காலை 6.20

செந்தில், உங்கள் கோபம் இயல்பு. ஆனால் ஆக்சிஜன் மீது கோபப்படுவதற்கு முன் அதன் கதையைக் கேளுங்கள்.

இந்த நோயை முதலில் விவரித்தவர் பாஸ்டன் நகரக் கண் மருத்துவர் தியோடர் டெரி, ஆண்டு 1942. கண் லென்ஸுக்குப் பின்னால் வெள்ளைத் திரைபோல் தழும்பு படிந்த குழந்தைகளைக் கண்டார். அடுத்த பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ 10,000 குழந்தைகள் பார்வை இழந்ததாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கா போன்ற வசதியான நாடுகளில் பிறந்தவர்கள். நவீன இன்குபேட்டரும் தாராளமான ஆக்சிஜனும் அங்கேதான் இருந்தன. 1950இல் குறைமாதத்தில் பிறந்த பாடகர் ஸ்டீவி வொண்டர் பார்வை இழந்ததும் இப்படித்தான். 1951இல் மெல்போர்ன் மருத்துவர் கேட் கேம்ப்பெல் ஆக்சிஜனைச் சுட்டிக்காட்டினார். 1953-54இல் அமெரிக்காவில் 18 மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதிசெய்தது.

உடனே ஆக்சிஜனை இறுக்கிப் பிடித்தார்கள். பார்வையிழப்பு குறைந்தது. ஆனால் மூச்சுக்குத் திணறிய குழந்தைகள் இறந்தன. காப்பாற்றிய ஒவ்வொரு பார்வைக்கும் பல உயிர்கள் விலையாகிவிட்டன என்று பின்னர் கணக்கிட்டுச் சொன்னார்கள். 2010இல் வெளியான பெரிய ஆய்விலும் இதே நெருக்கடி: செறிவை 85 முதல் 89க்குள் வைத்தால் கண் நோய் குறைகிறது, இறப்பு கூடுகிறது. அதனால்தான் மலர் அவர்கள் சொன்ன 90க்கும் 95க்கும் இடைப்பட்ட அந்தக் குறுகிய வரப்பில் நடக்கிறார்கள். அந்த ஒன்பது நாள் ஆக்சிஜன் இல்லாவிட்டால் உங்கள் மகள் இருந்திருக்கவே மாட்டாள் என்பதையும் அண்ணனிடம் சொல்லுங்கள்.

வழக்கறிஞர் பார்த்தசாரதி
வெள்ளிக்கிழமை, காலை 10.00

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 1 அன்று வழங்கிய தீர்ப்பு சென்னையில் பிறந்த குழந்தையைப் பற்றியது. 1996இல் 29ஆம் வாரத்தில் பிறந்த பெண் குழந்தை, எடை 1,250 கிராம். பார்வை முழுதாகப் போய்விட்டது. எதிர்காலச் செலவுக்கு 1.38 கோடி ரூபாயும், அதுவரை ஆன செலவுக்கு 42 லட்சத்துக்கு மேலும் கொடுக்க உத்தரவாயிற்று. அங்கே குற்றமாகக் கண்டது ஆக்சிஜன் கொடுத்ததை அன்று. கண்ணைப் பரிசோதிக்காததையும், பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லாததையும்தான். உங்களுக்குத் தேதி போட்டுச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள். உங்கள் மருத்துவமனை செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது.

மன்னை செந்தில்
அடுத்த வியாழக்கிழமை, மாலை 6.45

மூன்றாம் நிலை, பிளஸ் வந்துவிட்டது. இரண்டு கண்ணும். ஒரே வாரத்தில். 48 மணி நேரத்துக்குள் சிகிச்சை வேண்டும் என்று சொல்லி, நாளை காலையே லேசர் வைத்திருக்கிறார்கள். திருச்சியிலேயே தங்கிவிட்டோம். கண்ணுக்குள் ஊசி போடும் முறையும் உண்டு என்றார்கள். எது நல்லது? மலர் அக்கா, இருக்கிறீர்களா?

செவிலி மலர்
அடுத்த வியாழக்கிழமை, இரவு 7.05

இருக்கிறேன் தம்பி. தைரியமாக இருங்கள். சிகிச்சைக்கு ஏற்ற நேரத்தில்தான் பிடித்திருக்கிறார்கள்.

கூக்குரலை நிறுத்துவதுதான் இரண்டு முறைக்கும் நோக்கம். குழாய் போய்ச் சேராத கடைமடைப் பகுதியை லேசர் சுட்டுவிடும். அங்கிருந்து ரசாயனம் வருவது நின்றுபோகும். வெள்ளமாக எழும்பிய குழாய்கள் வற்றும். ஓரத்தைக் கொடுத்து நடுப்பார்வையைக் காப்பாற்றுகிறார்கள். ஊசி அந்த ரசாயனத்தையே கட்டிப் போடுகிறது. கண்ணின் நடுவை ஒட்டிய முதல் மண்டலத்தில் நோய் இருந்தால் ஊசி நன்றாக வேலை செய்வதாக 2011இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆனால் மருந்து தீர்ந்த பிறகு நோய் மறுபடி தலைதூக்கலாம். மாதக்கணக்கில் விடாமல் வர வேண்டும். உங்கள் மகளுக்கு இருப்பது இரண்டாம் மண்டலம். நீங்களோ தொலைவிலிருந்து வருகிறவர்கள். மருத்துவர் லேசரைத் தேர்ந்தெடுத்ததற்கு இவை காரணமாக இருக்கும். கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள், கேட்பது உங்கள் உரிமை. மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொள்ள யார் அருகில் இருப்பார் என்பதையும் கேளுங்கள்.

நிலாவின் அம்மா
அடுத்த வியாழக்கிழமை, இரவு 10.30

கவிதா, நாளை காலை நிலாவும் நானும் உனக்காக விளக்கேற்றுகிறோம். அவளே கேட்டாள்.

மன்னை செந்தில் (எழுதுவது கவிதா)
லேசருக்கு எட்டாம் நாள், சனிக்கிழமை, இரவு 9.15

நேற்று மறுபரிசோதனை. பிளஸ் போய்விட்டது. எழும்பிய குழாய்கள் வற்றத் தொடங்கியிருக்கின்றன. விழித்திரை ஒட்டியபடியே இருக்கிறது. இரண்டு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். பின்னாளில் கிட்டப்பார்வையோ மாறுகண்ணோ வரலாம், வருடா வருடம் கண்ணைக் காட்ட வேண்டும், சிறு வயதிலேயே கண்ணாடி தேவைப்படலாம் என்றார்கள். தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளட்டும்.

அத்தைதான் லேசர் அன்று குழந்தையைச் சுற்றிக் கொடுத்து, வெளியே ஒரு வார்த்தையும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நேற்று வரிசையில் எங்களுக்குப் பின்னால் ஒரு பெண் இருந்தாள்; புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். 30 வாரக் குழந்தை, இன்றுதான் முதல் பரிசோதனை என்றாள். எத்தனை நாள் ஆயிற்று என்று அத்தை கேட்டார். அறுபத்திரண்டு என்றாள். அத்தை எழுந்து, எங்கள் டோக்கனை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவளுடைய டோக்கனை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.